முதுகுக்குப் பின்னால் யாரும் இல்லாமல்

இசைக்குழுவில் எல்லோரும் அவனை 'இடி' என்றுதான் கூப்பிட்டார்கள். டிரம்ஸ் வாசிப்பவனுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. கல்யாணமான புதிதில் அவன் மனைவி அந்தப் பெயரை மேடையோடு விட்டுவிடப் பார்த்தாள், முடியவில்லை. ஒருமுறை மகளின் வகுப்பு ஆசிரியையிடமே, "இடி வர்றதுக்கு லேட்டாகும் டீச்சர்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவள் அந்தக் குழுவின் பாடகி. தோளில் ஒரு கிட்டாரும் தொங்கும். கீபோர்டு வாசிப்பவருக்கு 'புரொபசர்' என்று பெயர். எதைக் கேட்டாலும் விளக்கம் சொல்லித்தான் நிறுத்துவார். பேஸ் கிட்டார்காரர் ஆறடி இரண்டு அங்குலம், வாயைத் திறந்து பேச மாட்டார். அதனால் 'தூண்'. இந்த நான்கு பேரும் பதினேழு வருடம் சனி, ஞாயிறுகளில் கல்யாண மண்டபங்களிலும் கம்பெனி ஆண்டு விழாக்களிலும் வாசித்தார்கள். வார நாட்களில் இடி லிஃப்ட் பழுதுபார்க்கும் மெக்கானிக். அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள்.

போன வருடம் இடியின் காதுக்குள் ஓர் இரைச்சல் ஆரம்பித்தது. "உள்ள யாரோ கெட்டில்ல தண்ணி கொதிக்க வச்சிட்டு மறந்து போயிட்டாங்க" என்று அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். இரண்டு மாதம் கழித்துச் சிரிக்காமல் சொன்னான். காது டாக்டர் அம்மா பரிசோதனை முடிந்ததும் காகிதத்தை மேஜையில் வைத்தார்.

"இடது காது பாதிக்கு மேல போயிடுச்சு. மிச்சத்தக் காப்பாத்திக்கணும்னா இனிமே மேடை வேண்டாம்."

"பஞ்சு வச்சுக்கிட்டு வாசிச்சா?"

"பஞ்சு மூட்டையே வச்சுக்கிட்டாலும்."

வீட்டுக்கு வந்து டிரம்ஸை ஒவ்வொன்றாகத் துடைத்தான், பழைய படுக்கை விரிப்பால் சுற்றினான், பின்னறைச் சுவரோரம் அடுக்கினான். உதவிக்குப் போன மகளிடம், "நீ படிக்கப் போம்மா" என்று மட்டும் சொன்னான்.

புரொபசரும் தூணும் மூன்று மாதம் பொறுத்துப் பார்த்தார்கள். பிறகு வேறொரு டிரம்மரைச் சேர்த்துக்கொண்டு அவளைக் கூப்பிட வந்தார்கள். தொண்டை சரியில்லை என்றாள். உண்மையான காரணம் வேறு. சனிக்கிழமை சாயங்காலம் அவள் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு படியிறங்க, அவன் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அந்தக் காட்சியை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவனும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. சனிக்கிழமைகளில் இருவரும் சேர்ந்து துணி மடித்தார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் பக்கத்துத் தெரு நூலகர் கண்ணாடி நழுவுகிறதென்று கடைக்கு வந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி, கலகலப்பானவர். அவள் சட்டத்தைச் சூடுகாட்டி வளைத்துக் காதுக்குப் பின்னால் பொருத்திப் பார்க்கும்போது அவர் அவளுடைய முகத்தையே உற்றுப் பார்த்தார்.

"நீங்க எங்க பொண்ணு காலேஜ்ல பாடினவங்கதானே? அந்தக் குடைப் பாட்டு!"

"ஆமா. இப்ப குழு இல்லைங்க."

"குழு எதுக்கு? மாசாமாசம் ஞாயித்துக்கிழமை மத்தியானம் வாசகர் கூட்டம் நடத்தறோம். நீங்க ஒருத்தரா வந்து பாடுங்களேன். ஒரு கிட்டார் போதும். மைக் எல்லாம் கிடையாது. 'சத்தம் போடாதீர்கள்'னு போர்டு மாட்டின இடமாச்சே."

மறுக்கத்தான் நினைத்தாள். வாய் முந்திக்கொண்டு சரி என்றது.

வீட்டில் சொல்லவில்லை. கிட்டாரின் கழுத்து வளைந்துவிட்டது, சரிசெய்யக் கொடுத்திருக்கிறேன் என்று ஒரு பொய்யைச் சொல்லி அதைக் கடையின் சரக்கறைக்குக் கொண்டுபோய்விட்டாள். மதிய இடைவேளையில் அரை மணி நேரம், கண்ணாடிச் சட்டங்கள் அடுக்கிய அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே முக்காலி போட்டு உட்கார்ந்து பாடிப் பார்த்தாள்.

முதல் நாளே அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளுக்குக் கிட்டார் வாசிக்கவே தெரியவில்லை! பதினேழு வருடமாக மேடையில் அவள் கை ஏதோ மேலும் கீழும் போய்க்கொண்டிருந்திருக்கிறது, அவ்வளவுதான். அடியில் தூண் கனமாக நின்றார், இடைவெளியையெல்லாம் புரொபசர் நிரப்பினார், பின்னாலிருந்து இடி தள்ளிக்கொண்டே வந்தான். ஓடும் பஸ்ஸில் உட்கார்ந்தபடி தான்தான் ஓடுவதாக நினைத்துக்கொண்டிருந்தவளை இப்போது நடுரோட்டில் இறக்கிவிட்டதுபோல் இருந்தது.

பாட்டுகளும் சுருங்கிப்போயின. ஐந்து நிமிடப் பாட்டு இரண்டரை நிமிடத்தில் முடிந்தது. பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே வரும் இடையிசைக்கு என்ன செய்வது? அந்த நேரத்தில் மேடையில் அவள் தண்ணீர் குடிப்பாள், கூட்டத்தைப் பார்த்துக் கையசைப்பாள். சரக்கறையில் யாரைப் பார்த்துக் கையசைப்பது? அட்டைப் பெட்டிகளைப் பார்த்தாள். அடுத்த சரணத்துக்கு ஓடினாள். சரணத்திலும் மூச்சு வாங்க நேரமில்லாமல் ஓடினாள்.

குடைப் பாட்டுதான் எல்லாவற்றையும்விட மோசம். அது அவர்களுடைய சொந்தப் பாட்டு. இடி எழுதியது, புரொபசர் மெட்டுப் போட்டது. எந்த நிகழ்ச்சியும் அதில்தான் முடியும். இடி ஆரம்பித்த உடனே நாற்காலிகள் பின்னால் தள்ளப்படும், மாப்பிள்ளையின் மாமா வரைக்கும் ஆட வந்துவிடுவார், "குடை! குடை!" என்று கூட்டமே கத்தும். அந்த வேகத்துக்கு அவளுடைய கை ஒற்றையாக ஈடுகொடுக்க முடியவில்லை. நான்கு நாள் முயன்றுவிட்டு, ஐந்தாம் நாள் கை வலித்ததால் மெதுவாக, ஒவ்வொரு கம்பியாக மீட்டிப் பாடினாள்.

'மழை நின்ன பிறகும் குடை மடக்கல நான்.
நீ வர்ற வழியில ஈரம் காயல.'

பாடிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். இந்த வரியை எத்தனையோ நூறு தடவை பாடியிருக்கிறாள். அது இப்படிப்பட்ட வரி என்று தெரியாது. யாரோ யாருக்காகவோ காத்திருக்கிறார்கள். இதற்கா மாமா ஆடினார்? அவள் திரும்ப முதலிலிருந்து, இன்னும் மெதுவாகப் பாடினாள்.

அன்று சாயங்காலம் இடி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான். அவள் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"கழுத்து சரியாயிடுச்சா?" என்றான்.

"எந்தக் கழுத்து?"

"கிட்டார் கழுத்து."

அவள் கையிலிருந்த தட்டைத் திரும்பத் திரும்பத் துடைத்தாள். அவன் குழாயை மூடினான்.

"மத்தியானம் உங்க கடைக்கு ரெண்டு கட்டிடம் தள்ளி லிஃப்ட் மாட்டிக்கிச்சுன்னு கூப்பிட்டாங்க. முடிச்சிட்டு, சேர்ந்து சாப்பிடலாம்னு வந்தேன். முதலாளி, உள்ள பாடிட்டிருக்காங்க, போங்கன்னார். கதவு வரைக்கும் வந்தேன்."

"கோவமா?"

"நான் இல்லாம பாடறதுக்கு நீ ஒளிஞ்சுக்கணுமா? நான் என்ன, போலீஸா?"

"அதுக்கில்ல. உன் காது..." குழுவில் சேர்ந்த நாளிலிருந்து அவர்கள் ஒருவரையொருவர் 'நீ' என்றுதான் பேசிக்கொள்வார்கள், 'நீங்க' எல்லாம் விருந்தாளிகள் வந்தால்தான்.

"என் காதுக்கு ஆகாதது டிரம்ஸ். நீ இல்ல."

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நூலகர் வந்தது, சரி சொன்னது, பொய் சொன்னது எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். அவன் கையைத் துடைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தான்.

"ஒண்ணு சொல்லட்டுமா? பதினேழு வருஷமா நான் உனக்குப் பின்னாடி உக்காந்திருக்கேன். உன் முதுக மட்டும்தான் பாத்திருக்கேன். எந்தப் புடவைக்கு எந்த ஜாக்கெட், அதுல எந்த ஊக்கு விட்டுப்போச்சுன்னு கேளு, சொல்றேன். குரல் மட்டும் கேட்டதில்ல. நான் தட்டற சத்தத்துல எனக்கு எங்க கேக்கும்? நீ தோள ஏத்தினா சரணம் வருதுன்னு அர்த்தம், அவ்வளவுதான். இன்னிக்குத்தான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு மொதல் தடவையா கேட்டேன்."

"எப்படி இருந்துச்சு?"

"மூச்சு விடாம ஓடற. ஆனா..." அவன் தயங்கினான். "கடைசிப் பாட்ட மெதுவா பாடினியே."

"கை வலிச்சுது. அந்தப் பாட்ட யாருக்கு எழுதினே? உண்மையச் சொல்லு. எனக்கு முன்னாடி யாராவது இருந்தாளா?"

"உனக்குன்னு சொல்லி நல்ல பேரு வாங்கலாம்னு பாத்தேன். இல்ல. எங்க அம்மாவுக்கு."

அவனுடைய அம்மா அவன் பள்ளியில் படிக்கும்போதே இறந்துவிட்டார் என்பது அவளுக்குத் தெரியும். அதற்கு மேல் அவன் பேசியதில்லை. இப்போது பேசினான். அம்மா ஓர் ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை பார்த்தார். மழை வந்தால் அவன் குடையோடு பஸ் நிறுத்தத்துக்குப் போய் நிற்பான். ஒருநாள் ஆறு மணி பஸ் வந்தது, ஆறரை பஸ் வந்தது, ஏழு மணி பஸ்ஸும் வந்தது. அதில் அம்மாவோடு வேலை பார்க்கும் ஒரு பெண் இறங்கி வந்து அவன் தோளில் கை வைத்தார். அம்மா வேலை செய்துகொண்டிருக்கும்போதே சரிந்து விழுந்துவிட்டாராம்.

"மழை எப்பவோ நின்னுடுச்சு. நான் குடைய விரிச்சபடியேதான் வீட்டுக்கு நடந்து வந்தேனாம். அந்தம்மா பின்னாடி சொன்னாங்க."

"இத எதுக்கு ஆட்டப் பாட்டா போட்டே?"

"மெதுவா இருந்தா என்னால கேக்க முடியாது. அதான் மேல ஏறி மிதிச்சேன்."

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். சோப்பு வாசம் அடித்தது. அதைப் பாட வேண்டாம், பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறேன் என்றாள். அவன் கையை விடுவிக்காமலேயே தலையாட்டி மறுத்தான்.

"பாடு," என்றான். "நான் கடைசி வரிசையில உக்காந்துக்கறேன். தாங்கலேன்னா எழுந்து வெளியில போவேன். நீ நிறுத்தக் கூடாது."

மறுநாளிலிருந்து ஒத்திகை வீட்டுக்கு வந்தது. அங்கே வேறொரு சிக்கல். நானூறு பேருக்கு முன்னால் கூச்சமில்லாமல் நின்றவளால் சமையலறையில் ஒற்றை ஆளைப் பார்த்துக்கொண்டு பாட முடியவில்லை. வாயைத் திறந்தால் சிரிப்பு வந்தது, இல்லாவிட்டால் சுருதி போனது. கடைசியில் அவன் நாற்காலியைத் திருப்பிப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். பள்ளி விட்டு வந்த மகள் வாசலிலேயே நின்றாள்.

"அப்பா என்ன தப்புப் பண்ணினாரு?"

"உங்கம்மா பாடறா, நான் கேக்கறேன்."

"தண்டனைதானே, அதத்தான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனவள், கொஞ்ச நேரத்தில் வீட்டுப்பாடத்தைத் தூக்கிக்கொண்டு அவளும் சமையலறைக்கே வந்துவிட்டாள்.

வேகம் பிடிபடாமல் தவித்தபோது அவள் கெஞ்சினாள். "மேஜையிலயாவது கொஞ்சம் தட்டேன். ஒரு ஆதாரத்துக்கு."

"மாட்டேன்."

"ஏன், அதுக்கும் டாக்டர் வேண்டாம்னாங்களா?"

"தட்டினா நீ எம்மேல சாஞ்சுக்குவே. அங்க வந்து யாரு மேல சாய்வே?"

அவளுக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் அவனிடம் சரியாகப் பேசவில்லை. அந்தக் கோபத்திலேயே தானாக வழி கண்டுபிடித்தாள். இடையிசையை நிரப்ப முயல்வதை விட்டாள். அந்த இடத்தில் ஒரே கம்பியை மீட்டிவிட்டு அது அடங்கும்வரை காத்திருந்தாள். முதலில் அந்தக் காத்திருப்பு, கதவு திறந்து கிடக்கும்போது உடை மாற்றுவதுபோல இருந்தது. பிறகு பழகிவிட்டது. தன் குரலின் உயரத்துக்கு மேல் இருந்த பாட்டுகளையெல்லாம் ஒன்றரைக் கட்டை இறக்கினாள். டிரம்ஸைத் தாண்டிக் கத்துவதற்காக ஏற்றிவைத்த உயரம் அது. இப்போது தாண்ட வேண்டியது எதுவும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் முப்பத்தைந்து பேர் இருந்திருப்பார்கள். அலமாரிகளை ஒதுக்கி நாற்காலி போட்டிருந்தார்கள். முதல் வரிசை அவளுடைய முழங்காலிலிருந்து நான்கடி தூரம். மேடையில் விளக்கு கண்ணில் அடிக்கும், கூட்டம் என்பது இருட்டுதான். இங்கே ஒவ்வொருவருக்கும் முகம் இருந்தது. ஒருவர் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். மூன்று பேர் அவளுடைய கடையில் வாங்கிய கண்ணாடியை அணிந்திருந்தார்கள், அதில் ஒன்று கோணலாக இருந்தது. கடைசி வரிசையில் மகள், பக்கத்தில் இடி. நல்ல காதை அவள் பக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தான். அவர்களுக்கும் பின்னால் கதவோரம் தூணும் புரொபசரும் நிற்பதைப் பார்த்து அவள் குனிந்து கம்பிகளை இன்னொரு தடவை முறுக்கிப் பார்த்தாள்.

முதல் பாட்டு ஓட்டம்தான். யாரோ இருமியது, யாரோ நாற்காலியை இழுத்தது எல்லாம் காதில் விழுந்தது. இரண்டாவது பாட்டில் சரணத்தின் மூன்றாவது வரி மறந்துபோனது. குழுவாக இருந்தால் புரொபசர் நாலு சுரத்தை நீட்டியிருப்பார், இடி ஒரு சுற்று உருட்டியிருப்பான், யாருக்கும் தெரிந்திருக்காது. அவள் அனிச்சையாகப் பின்னால் திரும்பிப் பார்த்தாள். பின்னால் அகராதிகள் அடுக்கிய அலமாரி இருந்தது.

"வரி மறந்துபோச்சுங்க" என்றாள்.

"பரவால்ல, எங்களுக்கும் தெரியாது!" என்று பொத்தான் மாறியவர் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். மேடையில் இப்படி யாரும் அவளோடு பேசியதில்லை. அதற்குப் பிறகு அவள் தோள் இறங்கியது. ஒவ்வொரு பாட்டுக்கு முன்னாலும் இரண்டு வார்த்தை பேசினாள். மூச்சு வாங்க வேண்டிய இடத்தில் வாங்கினாள்.

எட்டாவதாகக் குடைப் பாட்டு. அது யாருடைய கதை என்று அவள் சொல்லவில்லை. முதல் வரியைப் பாடும்போதே கடைசி வரிசையைப் பார்த்தாள். இடி குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். பல்லவி முடிந்தது. முதல் சரணத்தின் பாதியில் எழுந்தான். நாற்காலிகளுக்கு இடையே மெதுவாக நடந்தான். தூண் நகர்ந்து வழிவிட்டார். கதவு திறந்து மூடியது.

பதினேழு வருடத்தில் அவன் பாட்டின் நடுவே போனதே இல்லை. அவளுடைய விரல்கள் கம்பியின் மேல் நின்றன. போய்ப் பார்க்க வேண்டும் என்று உடம்பு முழுக்கத் துடித்தது. நிறுத்தக் கூடாது என்று சொல்லியிருந்தான். கம்பியின் ஓசை அடங்கும்வரை காத்திருந்தாள். யாரும் இருமவில்லை. இரண்டாவது சரணத்தைத் தானாக எடுத்தாள். யாரும் தள்ளவில்லை, யாரும் தாங்கவில்லை. குரல் ஓரிடத்தில் நடுங்கியது, அதை நடுங்கவிட்டாள். முடிந்தபோது கைதட்டல் வர நேரமாகியது. முன்வரிசையில் ஒரு பெண் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

கிட்டாரை மகளிடம் கொடுத்துவிட்டு அவள் வெளியே ஓடினாள். இடி சைக்கிள் நிறுத்தும் இடத்தில் இல்லை, வாசலிலும் இல்லை. கட்டிடத்தைச் சுற்றி வந்தபோது பக்கவாட்டு ஜன்னலுக்குக் கீழே, செங்கல் குவியல்மேல் உட்கார்ந்திருந்தான். முகம் நனைந்திருந்தது.

"போயிட்டேன்னு நெனச்சியா?"

"ஆமா."

"உள்ள அத்தன பேர் நடுவுல உக்காந்து அழ வெக்கமா இருந்துச்சு. இங்க வந்து முழுசும் கேட்டேன். ரெண்டாவது சரணத்துக்கு முன்னாடி எவ்ளோ நேரம் சும்மா இருந்தே! செத்துட்டேன் நான்."

"நீ எழுந்து போனதுல நானும்தான் செத்தேன்."

"நல்லாத்தான் இருந்துச்சு அந்த எடம்," என்றான். அவள் பக்கத்தில் இடம் பார்த்து உட்கார்ந்தாள். அம்மாவின் முகம் இப்போதெல்லாம் சரியாக நினைவில்லை, குரல் மட்டும் இருக்கிறது என்றான் அவன். எப்படி இருக்கும் என்று கேட்டாள். கட்டையான குரல், துணியை உதறுவதுபோலப் பேசுவார் என்றான்.

புரொபசர் கிளம்பும் முன் அவளைத் தேடி வந்தார். தூண் வழக்கம்போலப் பின்னால் நின்றார். "அக்கா, தொண்டை சரியாயிடுச்சு போலிருக்கே," என்றார் புரொபசர். அதன் பிறகு தனியாகப் பாடுவதன் இலக்கணம் பற்றி ஒரு விளக்கம் ஆரம்பித்தார். தூண் அவர் தோளில் கை வைத்து நிறுத்திவிட்டு, "வாங்க. சனிக்கிழமை." என்றார். அவர் ஒரே மூச்சில் இரண்டு வார்த்தை பேசி அவள் கேட்டதில்லை.

அவள் இடியைப் பார்த்தாள். அவன் "போ" என்றான். சொல்லிவிட்டு, சைக்கிள் பூட்டைத் திறப்பதில் தேவைக்கு அதிகமாக நேரம் எடுத்துக்கொண்டான்.

சனிக்கிழமை காலை ஒரு தொழிற்சாலையின் ஆண்டு விழா. படியிறங்கும்போது அவன் கதவைப் பிடித்துக்கொண்டுதான் நின்றான். அவள் பயந்ததுபோலவே வலித்தது, ஆனால் கால்கள் இறங்கின.

புது டிரம்மர் இருபத்தாறு வயதுப் பெண், குச்சியைச் சுழற்றிப் பிடிப்பாள். அவளுடைய முதல் அடி விழுந்ததும் பாடகிக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. தூணின் பேஸ் உள்ளங்காலில் ஏறி வந்தது. எவ்வளவு நாளாயிற்று! தனியாகப் பாடும்போது ஒவ்வொரு சொல்லையும் அவளே சுமக்க வேண்டியிருந்தது. இங்கே தோளை விட்டுவிட்டால் மூன்று பேர் தூக்கிக்கொள்கிறார்கள். ஒரு பாட்டில் வேண்டுமென்றே கிட்டாரை நிறுத்திவிட்டு மற்ற மூவரையும் கேட்டுக்கொண்டே நின்றாள். முன்பெல்லாம் அது அவளுக்குத் தோன்றியதே இல்லை. புரொபசர் இடது கையால் இவ்வளவு அழகாக வாசிப்பார் என்பதும் அன்றுதான் தெரிந்தது.

பிற்பகலில் வீட்டுக்கு வந்தபோது இடி மேஜையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான்.

"எப்படி இருந்துச்சு?"

நன்றாக இல்லை என்று சொல்லலாம். அவனுக்கு ஆறுதலாக இருக்கும். அவள் செருப்பைக் கழற்றினாள்.

"ரொம்ப நல்லா இருந்துச்சு," என்றாள்.

அவன் கத்தியைக் கீழே வைத்தான். முகத்தில் என்னவோ வந்து போனது. எதிர் நாற்காலியைக் காலால் தள்ளி அவளுக்கு இடம் விட்டான்.

"சரி, மொதல்லேர்ந்து சொல்லு. அந்தப் பொண்ணு எப்படி வாசிக்கறா? மொதப் பாட்டு என்ன வேகத்துல எடுத்தா?"

"கொஞ்சம் அவசரப்படறா."

"ஆரம்பத்துல எல்லாரும் அப்படித்தான். சொல்லு."

அவள் சொல்ல ஆரம்பித்தாள். அவன் நல்ல காதை அவள் பக்கம் திருப்பிக்கொண்டான்.